அரைப்பேர்

வராதவர்களைத் தேடத்தான்
எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.
மூன்று நாள் வராவிட்டால் ஆள் அனுப்பு,
அதற்கும் மேலே போனால் கடிதம்.
ஒருநாளும் தவறாமல் வருகிறவளைப் பற்றி
எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

மண்சரிவு எச்சரிக்கை வந்த வியாழக்கிழமை
எட்டாம் வகுப்பில் மூன்றே பிள்ளைகள்.
அதில் அவளும் ஒருத்தி.
மேக்கணக்கிலிருந்து நாலு கிலோமீட்டர்,
வெள்ளைச் சட்டையின் ஓரமெல்லாம் செம்மண்.
வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்றேன்.
அவள் கரும்பலகையைத் துடைத்தாள்,
ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையை.

இடாப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஜனவரியிலிருந்து ஒரு சுழியும் இல்லை.
வரவுக்கான பரிசுக்கு
நானே குறித்துவைத்திருந்த பெயர்.

எங்கள் ஆலோசனை அறை
உண்மையில் விளையாட்டுச் சாமான் அறை.
காற்றுப்போன வலைப்பந்தை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
கேள்வி கேக்காதீங்க டீச்சர், சொல்றதக் கேளுங்க
என்று பயிற்சியில் சொன்னவர்
பிரதேச செயலகத்து நஸீஹா மிஸ்.
நான் கணக்கு டீச்சர்,
விடை வரும்வரை விடாதவள்.
அன்றைக்கு விட்டேன்.

கூரைத் தகரத்தில் மழை நின்று
மறுபடி பிடித்தபோது
பந்தின் தையலைப் பார்த்தபடி சொன்னாள்:
"அம்மா கொழுந்துக்குப் போனப்புறம்
வீட்டுல சித்தப்பா மட்டுந்தான்."

மிச்சத்தை இங்கே எழுதப்போவதில்லை.
அவள் பேரையும்.

யாருக்கும் சொல்லாதீங்க என்றாள்.
அப்படிச் சத்தியம் பண்ண முடியாது என்றேன்.
சொல்லவேண்டியவர்களுக்குத்தான் சொல்வேன்,
அதற்கு முன் உனக்குச் சொல்வேன்.
பந்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.
என்னை வெறுத்தாளா என்று
இன்றுவரை தெரியாது.

"ஸ்கூல் பேர் இருக்கு டீச்சர்," என்றார் அதிபர்.
"தோட்டத்துப் பேர் இருக்கு.
பிள்ளையோட பேரும் இருக்கே."
கெட்ட மனிதர் இல்லை அவர்.
நான் 1929ஐ அழுத்தியபோது
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்,
கொழுந்து லொறியின் சத்தத்தில்
என் குரல் அமுங்கிவிடாதபடிக்கு.

மறுநாள் அம்மா வந்தாள்,
இடுப்பில் படங்குகூட அவிழ்க்காமல்.
"சீக்கிரம் சொல்லுங்க டீச்சர்,
நேரம் போனா அரைப்பேர்தான் போடுவாங்க."
சொன்னோம்.
கத்தவில்லை.
படங்கை அவிழ்த்து மடித்தாள்,
பிரித்தாள், மறுபடி மடித்தாள்.
"சோறு போட்டேனே அவனுக்கு," என்றாள்.
அதையே மூன்று தடவை.

பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள்.
அம்மாவின் ஒவ்வொரு வசனத்தையும்
நான் மாற்றிக் கொடுத்தேன்.
பல இடத்தில் திக்கினேன்.
பயம் என்கிற இடத்தில் திக்கவில்லை.
அவர்களிடத்திலும் அது பயதான்.
எழுதிக்கொண்டிருந்த பெண் கொன்ஸ்டபிள்
பேனாவை வைத்துவிட்டுக்
கொஞ்சநேரம் வாசலைப் பார்த்தாள்.

நஸீஹா மிஸ் ஒரு தாளில்
தமிழில், பெரிய எழுத்தில் எழுதினார்:
ஆஸ்பத்திரியில் எந்த அறை,
யாரிடம் பேசுவது, எந்தக் கிழமை,
வழக்குக்கு இலவசமாக வரும் வக்கீல்,
எந்த பஸ், டிக்கட் எவ்வளவு.
அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.
மகள் வாசித்துக் காட்டினாள்.
பஸ் காசைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள் அம்மா.

நல்லதாக முடிந்தது என்று சொல்லமாட்டேன்.
அவனை மஸ்கெலியாவில் பிடித்தார்கள்.
வழக்கு மூன்றாம் தவணை தள்ளிப்போயிருக்கிறது.
லயத்தில் இரண்டு காம்பரா பேச்சை நிறுத்திவிட்டது,
பீலிக்கரையில் அம்மா போனால்
குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.
அதிபர் பழைய பரிசோதனைக்கூடத்தைத் திறந்து
எனக்கு ஒரு மேசையும்
பூட்டுள்ள அலுமாரியும் தந்தார்.
சாவி ஒன்றுதான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்
அவள் வரவில்லை.
வரவு கூப்பிட்டபோது பதில் இல்லாத இடத்தில்
என் பேனா நின்றுவிட்டது.
பாதி வகுப்பில் வெளியே வந்து போன் எடுத்தேன்.

"காய்ச்சல் டீச்சர். தூங்குறா,"
என்றாள் அம்மா, மெல்லிய குரலில்.
"கதவத் தட்டுனாலும் எழும்பாத தூக்கம்."

நீங்கள் வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"இன்னிக்குப் பேரு வேணாம் டீச்சர்."